சடச்சி வில்

பதிவு 211 – காலை
இடம்: வனக்கூடம், செவ்வாய் நிலையம். பேசுபவர்: அமலோற்பவம், மரவியல் ஆய்வாளர்.

புழுதிப் புயல் ஓயவில்லை. கூரைக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பம் பதினாறு டிகிரி. மூங்கில் தாங்குகிறது. பனங்கன்றுகள் தாங்குகின்றன. முருங்கை இலையை உதிர்க்கத் தொடங்கிவிட்டது.

இன்றைய வளைவுச் சோதனை: சடச்சி மரம். விதையாகக் கொண்டுவந்து இங்கேயே வளர்த்தது. வளையங்கள் அகலம், எடை குறைவு. பூமிச் சடச்சியைப் போலவே நன்றாக வளைகிறது. ஆனால் பூமி அட்டவணை சொல்லும் சுமைக்கு வெகு முன்பே ஒடிகிறது. மரத்தை ஒடித்துப் பார்ப்பதுதான் என் வேலை. வளைத்து எதையும் செய்ததில்லை.

கருவி பற்றி ஒரு குறிப்பு. காலரில் மாட்டியிருக்கிறேன். நான் பேசுவதை எழுத்தாக்கும். பக்கத்தில் யார் பேசினாலும், வானொலியில் வந்தாலும், அதையும் மேற்கோளில் சேர்த்துக்கொள்ளும்.

நிலையத்தில் நாங்கள் ஐந்து பேர். தலைவர் குலோத்துங்கன். மருத்துவர் ஹபீபா, கீழக்கரைக்காரர், எனக்கு மூத்தவர், அவர் ஊர் வழக்கப்படி லாத்தா என்று கூப்பிடுவேன். இயந்திரப் பொறியாளர் சென்னியப்பன். அவர் மனைவி கோகிலவாணி, உணவுப் பயிர்களைப் பார்த்துக்கொள்கிறாள், நிறைமாதம். செவ்வாயில் பிறக்கப்போகும் முதல் குழந்தை.

இன்று கோகிலாவுக்கு உதிராமல் மிச்சமிருந்த முருங்கைக்கீரையைப் பறித்துக் கொடுத்தேன்.


பதிவு 214 – மாலை

உணவறையில் கூட்டம். மின்சாரம் குறைந்ததால் ஆக்சிஜன் ஆலை அரை வேகத்தில்தான் ஓடுகிறது. மூன்று பேருக்குப் போதும், இழுத்துப் பிடித்தால் ஒரு கைக்குழந்தைக்கும் சேர்த்து. நிவாரணக் கப்பல் வர நான்கு மாதம். புயலில் பூமியோடு தொடர்பும் அறுந்துவிட்டது.

தலைவர் முடிவைச் சொன்னார். எல்லோரும் சமமாகப் பகிர்வது. வேலையைக் குறைத்துப் படுத்தே கிடப்பது. வனக்கூடத்துக் காற்றையும் கலந்துகொள்வது. “அஞ்சு பேரும் சேந்தே தாங்குவோம், இல்ல சேந்தே போவோம்,” என்றார்.

சென்னியப்பன் கேட்டது ஒன்றுதான். “எம்பட புள்ளைக்கும் சேத்துத்தான் சொல்றீங்களா?”

தலைவர் தட்டைத் தள்ளி வைத்தார். சென்னியப்பன் எழுந்து எல்லோருடைய தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்.


பதிவு 216 – பிற்பகல்

தாழ்ந்த குரலில்தான் பேசுகிறேன்.

தலைவர் இறந்துவிட்டார். சென்னியப்பன் கொன்றார். தகடுகளை அறையும் காற்றழுத்த ஆணித் துப்பாக்கி. அதன் பாதுகாப்புப் பூட்டைக் கழற்றியிருக்கிறார், முனையைத் தகட்டில் அழுத்தாமலே சுடுகிறது. தலைவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னந்தலையில் முதல் ஆணி. அவர் விழவில்லை. யாரோ தோளைத் தட்டியதுபோலத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது கண்ணுக்குக் கீழே இறங்கியது. இங்கே ஈர்ப்பு குறைவு, மனிதன் பொத்தென்று விழமாட்டான். அவர் மடிந்து மடிந்து உட்கார்ந்தார். ரத்தம் அவருக்குப் பிறகு நிதானமாகத் தரைக்கு வந்தது.

சென்னியப்பன் அடுத்து என்னைக் குறிவைத்தார். ஹபீபா லாத்தா குறுக்கே பாய்ந்தார். ஆணி அவர் தொடையில். கோகிலா கத்தினாள், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. லாத்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு வனக்கூடத்துக்கு ஓடிவந்தேன். நல்லவேளை, இங்கே அவருக்குப் பூமி எடையில் பாதிகூட இல்லை.

கதவைச் சென்னியப்பன் வெளியிலிருந்து பூட்டிவிட்டார். உள்ளே தண்ணீர் இருக்கிறது, கிழங்கு இருக்கிறது. அரை கிலோமீட்டர் நீளக் காடு. வடகோடியில் மூங்கில் அடர்த்தி. அங்கே கிடக்கிறோம்.

ஆணியை லாத்தாவே பிடுங்கினார். என் சட்டைக் கையைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு. எலும்பில் பட்டிருக்கிறது என்றார்.


பதிவு 217 – காலை

வானொலி:

“ஏனுங்கக்கா, கேக்குதுங்களா? சென்னியப்பன் பேசறனுங்க. டாக்டரம்மா கால்ல பட்டது நான் வேணும்னு பண்ணுனதில்லீங்க. அவிய குறுக்க வந்துட்டாங்க. அவியளக் கதவுகிட்ட உட்டுட்டுப் போங்க. கோகிலாவுக்கு நாள் நெருங்கிருச்சு. அவிய இல்லாம ஆகாதுங்க.”

“விட்டுட்டு நான் எங்க போவேன், தம்பி?” என்றேன்.

“அதுதானுங்க எனக்கும் சங்கட்டமா இருக்குது. நீங்க நல்லவிய. கோகிலாவுக்குக் கீரையெல்லாம் பறிச்சுக் குடுத்தீங்க. நீங்களா வந்தீங்கன்னா வலி தெரியாம முடிச்சுப்போடறனுங்க. சத்தியமா.”

“இந்தக் காட்டுக்குள்ளயே இருந்துக்கிடுதேன். உங்க காத்துல ஒரு பொட்டு எனக்கு வேண்டாம்.”

“வெளிச்சமில்லாத காட்டுல மரமும் நம்மளாட்டத்தான் மூச்சு உடுதுங்க்கா. உங்களுக்கே தெரியும். ஒரு வாரம் தாங்காது. அதுமில்லாம, நீங்க உசுரோட இருந்தா எப்பவாச்சும் கதவத் தட்டுவீங்க. நானா இருந்தாலும் தட்டுவேன்.”

ஏமாற்றுவதற்காகப் பேசவில்லை. உண்மையிலேயே எனக்காக வருத்தப்பட்டார்.

லாத்தா வானொலியைப் பிடுங்கிக்கொண்டார். “அவளத் தொட்டே, நான் உம் பொண்டாட்டியத் தொட மாட்டேன். அல்லா மேல ஆணை.” வானொலியை அணைத்த பிறகு அழுதார். “நான் சொல்லக்கூடாதத சொல்லிட்டேன், புள்ளே. கோகிலா எம் பேஷன்ட்டு,” என்றார்.

லாத்தா உள்ளே இருக்கும்வரை சென்னியப்பனால் கூடத்துக் காற்றை வெளியேற்றி என்னைக் கொல்ல முடியாது. நேரில்தான் வரவேண்டும். வருவார்.


பதிவு 217 – நண்பகல்

என்னிடம் இருப்பவை: மர ஆய்வுக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்த கைவாள், உளி, அரம், கிளை கத்தரிக்கும் கத்தரி. எதுவும் கை நீளத்தைத் தாண்டாது. அவருடைய ஆணி பன்னிரண்டு எட்டு தூரம் பாயும்.

கொட்டகையில் சடச்சிக் கட்டைகள் இரண்டு இருந்தன, ஒரு வருடமாக உலர்ந்தவை, ஆளுயரம். பூமியில் சடச்சியைக் கோடாரிக் காம்புக்கும் வில்லுக்கும் வெட்டுவார்கள். இரண்டையும் இழுத்து வந்துவிட்டேன்.

வில் செய்யப்போகிறேன். லாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் கட்டையை உளி வைத்து நீளவாக்கில் பிளந்தேன். மரம் தன் நரம்பு வழியே பிளந்துகொண்டது. பட்டைப் பக்கம் வில்லின் முதுகு, எதிரியைப் பார்க்கும் பக்கம். அதில் ஒரே வளையம் முழு நீளத்துக்கும் அறுபடாமல் ஓட வேண்டும். அறுபட்ட இடத்தில்தான் ஒடியும், இது நான் ஆயிரம் முறை பார்த்தது. வயிற்றுப் பக்கத்தை அரத்தால் இழைக்கிறேன். நடுவில் கைப்பிடி தடிமன். அதற்கு மேலும் கீழும் நீளும் வில்லின் இரண்டு கைகளும் நுனியை நோக்கி மெலிய வேண்டும்.

நாணுக்கு மருள் என்னும் நார்ச்செடி. கூடத்தின் ஓரமெல்லாம் முளைத்துக் கிடக்கிறது. மடலைக் கல்லில் தட்டி, தண்ணீரில் அலசினால் வெள்ளை நார் வருகிறது. லாத்தா படுத்தபடியே திரிக்கிறார். தையல் போட்டுப் பழகிய விரல். மூன்று புரி.

தலை வலிக்கிறது. காற்று கனக்கத் தொடங்கிவிட்டது.


பதிவு 218 – பிற்பகல்

முதல் வில் ஒடிந்துவிட்டது. முழுவதும் சொல்கிறேன்.

நாண் ஏற்றி, மரக்கிளையில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்த்தேன். அழகாக வளைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் எடுத்துத் தாடைவரை இழுத்தேன். வெடித்தது. மேல்கை இரண்டாகப் பிளந்து என் நெற்றியில் அடித்தது. கண்ணில் ரத்தம் இறங்கியது. அகலத்தைப் பூமி அட்டவணைப்படி வைத்திருந்தேன். இந்த மரம் அந்த அட்டவணை மரம் இல்லை என்று மூன்று வருடம் நிரூபித்தவள் நான்தான். அவசரத்தில் மறந்தேன்.

அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். லாத்தாவை மடல்களுக்குள் மறைத்துவிட்டு எதிர்த்திசையில் ஓடினேன். சென்னியப்பன் ஏற்கனவே உள்ளே இருந்தார். பனங்கன்றுகளுக்கு நடுவில் வெள்ளை அழுத்த உடை. நெஞ்சுக்குக் கெட்டி ஓடு, தலைக்கவசம் இல்லை.

“நில்லுங்க்கா,” என்றார்.

நான் மூங்கிலைப் பிடித்துத் திரும்பிய நேரம் ஆணி என் இடது உள்ளங்கை வழியாக மூங்கிலில் இறங்கியது. அறைந்துவிட்டது. கையை இழுத்தேன், வரவில்லை. வலி உடனே வரவில்லை. கை என்னுடையது இல்லை என்பதுபோல அங்கே நின்றது.

அவர் நடந்துதான் வந்தார். ஓடவில்லை. பக்கத்தில் வந்து துப்பாக்கியை என் நெற்றிக்கு நேரே வைத்தார். “கண்ண மூடிக்கோங்க்கா,” என்றார்.

ஒடிந்த வில்லின் துண்டு என் வலது கையில் அப்படியே இருந்தது. முனை ஈட்டிபோலச் செதில் செதிலாகப் பிளந்திருந்தது. முகத்தில் குத்தினேன். கண்ணில் இறங்கியது. பழத்தில் குத்தியதுபோல இருந்தது. அவர் அலறவில்லை, உறுமினார். ஆணிகள் எங்கெங்கோ பறந்தன, கூரைக் கம்பியில் பட்டுத் தெறித்தன. துண்டை முகத்தோடு பிடித்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினார்.

நான் கையை மூங்கிலிலிருந்து இழுத்தேன். ஆணி அங்கேயே இருந்தது. கை அதன் வழியாக வெளியே வந்தது. இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை.


பதிவு 219 – காலை

வானொலி. மரியாதை போய்விட்டது.

“ஏய். கேக்குதா? ஒரு கண்ணு போச்சு. கோகிலா கட்டுப் போட்டு உட்டா. உன்னத் தேடி அங்க வர்றது அவளுக்குத் தெரிய வேண்டாம்னு இருந்தேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. வலி தெரியாமன்னு சொன்னனில்ல. அத மறந்துரு.”

பின்னணியில் கோகிலாவின் குரல்: “மாமா, போதும், வெச்சிருங்க.”

இனி நானும் அவரை அவர் என்று சொல்லப்போவதில்லை.


பதிவு 219 – மாலை

இரண்டாவது கட்டை. கடைசிக் கட்டை.

இந்த முறை மரத்தைக் கேட்டுச் செய்கிறேன். அகலம் நான்கு விரல். வளையத்தின் மேல் நகம்கூடப் படாமல் பட்டையை உரிக்கிறேன். இடது கையால் எதையும் பிடிக்க முடியவில்லை. கட்டையை மூங்கில் இடுக்கில் செருகி முழங்காலால் அழுத்திக்கொண்டு ஒற்றைக் கையால் அரம் போடுகிறேன். லாத்தா முனையைப் பிடித்துக்கொள்கிறார். அவருக்குக் காய்ச்சல். தொடை கரும்பச்சையாக வீங்கியிருக்கிறது. நாற்றம் தெரிகிறது.

அரம் போட்ட பிறகு, உடைந்த விளக்கின் கண்ணாடிச் சில்லால் சுரண்டல். முடிபோலச் சுருள் சுருளாகத் தூள் வருகிறது. நாலு சுரண்டல், ஒரு முறை வளைத்துப் பார்த்தல். மேல்கை விறைப்பாக நின்றால் மேல்கையில் இரண்டு சுரண்டல். கீழ்கை முந்தி வளைந்தால் அதை விட்டுவிட வேண்டும், தொடக்கூடாது. சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

நாணை ஒவ்வொரு விரற்கடையாக இழுத்து, வளைவில் வைத்துப் பழக்குகிறேன். சோதனைக் கூடத்தில் மரம் ஒடியும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். இப்போது அது வராமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு இழுப்புக்கும் மாதாவைக் கூப்பிடுகிறேன்.


பதிவு 220 – காலை என்று நினைக்கிறேன்

வில் தயார். நாண் ஏற்றினால் ஓர் உறுமல். தாடைவரை இழுத்தேன். தாங்கியது.

குதைகளை, அதாவது நாண் மாட்டும் நுனி வெட்டுகளை, லாத்தா நாரால் சுற்றிக் கட்டினார். அம்புக்கு மூங்கில் வளார், நெருப்பு இல்லாததால் பல்லால் கடித்துத்தான் நிமிர்த்தினேன். சிறகுக்குப் பனையோலைக் கீற்று. முனைக்குக் கத்தரியின் அலகை உடைத்தேன். இரண்டு நல்ல முனை கிடைத்தது. மூன்றாவது விளக்குக் கண்ணாடி.

எய்து பார்த்தேன், முனையில்லாத வளாரால். குறிவைத்த இடத்துக்கு ஒரு முழம் மேலே போகிறது. இந்த ஈர்ப்பில் அம்பு தணிவதே இல்லை. நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. கீழே பார்த்து எய்ய வேண்டும்.

இடது கையால் வில்லைப் பிடிக்க முடியவில்லை. லாத்தா கையை வில்லோடு சேர்த்துக் கட்டினார். உள்ளங்கைப் புண்மேல் கைப்பிடி. கட்டும்போது நான் அலறாமல் இருக்க அவர் தலையை என் தோளில் முட்டிக்கொண்டு இருந்தார்.

பிறகு கேட்டேன். அவனுக்கு நெஞ்சில் ஓடு இருக்கிறது, எங்கே எய்தால் சாவான் என்று.

லாத்தா முடிச்சை இன்னும் ஒரு முறை இறுக்கினார். “முப்பது வருசம் எங்க தொட்டா பொழைப்பாங்கன்னுதான் பாத்தேன்,” என்றார். பிறகு என் வலது கை விரலைப் பிடித்துத் தன் அக்குளுக்குக் கீழே, விலா இடுக்கில் வைத்து அழுத்தினார். “இங்க. கைய ஒசத்தும்போது ஓடு வெலகும். உள்ளார நொரையீரலு, அதத் தாண்டி நெஞ்சு. நல்லா தொட்டுப் பாத்துக்க, புள்ளே.”

அவர் இதயம் என் விரலில் அடித்தது.


பதிவு 220 – பிற்பகல்

அவன் செத்துவிட்டான்.

மூச்சு வாங்குகிறது. தோளில் ஒரு ஆணி இருக்கிறது. லாத்தா பிடுங்குவார். அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நானே கூப்பிட்டேன். வானொலியில், “வா, நான் மூங்கிலுக்குள்ள இருக்கேன்,” என்றேன். தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு வந்தான். ஒற்றைக் கண் என்பதால் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முப்பது எட்டு தூரத்தில் முதல் அம்பு. கீழே பார்த்து எய்தும் தலைக்கு மேலே போய்விட்டது. அவனுக்கு என்ன பறந்தது என்றே புரியவில்லை. திரும்பிப் பார்த்தான். இரண்டாவது நெஞ்சு ஓட்டில் பட்டு வழுக்கிப் போனது. அப்போதுதான் வில்லைப் பார்த்தான்.

பாய்ந்து வந்தான். இந்த ஈர்ப்பில் பாய்ந்தால் ஒவ்வொரு எட்டும் ஒரு தாவல். தாவிக்கொண்டே சுட்டான். மூங்கில் படபடவென்று வெடித்தது. ஒன்று தோளில். நான் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது அம்பு, கண்ணாடி முனை. கையோடு வில் கட்டியிருந்ததால் அது விழவில்லை, நான் விழுந்தாலும் அது நின்றது. அவன் துப்பாக்கியை என் முகத்துக்கு ஏற்றினான். கை உயர்ந்தது. விட்டேன்.

பதினைந்து அடி. ஓலைச் சிறகுவரை உள்ளே போய்விட்டது.

துப்பாக்கி தானாகவே தரையில் ஆணி அடித்து அடித்து ஓய்ந்தது. காற்றும் ஆணியும் தீர்ந்துபோனது. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து கவசத்தைக் கழற்றினான். வாயில் நுரையும் ரத்தமும். எழ முயன்றான், அம்பு உள்ளே அசைந்து அவனை உட்காரவைத்தது. உயிர் போக வெகுநேரமாயிற்று.

“இன்னொண்ணு இருக்குதுங்களாக்கா?” என்று கேட்டான். பேச்சில் ‘ங்க’ திரும்பி வந்திருந்தது.

ஓட்டில் பட்டு விழுந்த அம்பைத் தேடி எடுத்துவந்தேன். பக்கத்தில் நின்று கழுத்தில் எய்தேன். அவ்வளவு பக்கத்தில் குறி தேவையில்லை.

துப்பாக்கியைத் தண்ணீர்த் தொட்டியில் எறிந்தேன். வில்லை அவிழ்க்க முடியவில்லை. முடிச்சில் ரத்தம் காய்ந்துவிட்டது.


பதிவு – அதே நாள், பிறகு

வானொலி. கோகிலா.

“மாமா? மாமா, எங்கிருக்கீங்க?”

நான் எடுத்தேன். “கோகிலா, அமலோற்பவம் பேசுதேன்.”

நாற்காலி நகரும் சத்தம்.

“அவரு?”

“இல்லம்மா.”

“நீங்களா பண்ணுனீங்க?”

“ஆமா.”

மூச்சு விடும் சத்தம், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு:

“எனக்கு வலி எடுத்துருச்சுங்க்கா. டாக்டரம்மா உசுரோட இருக்காங்களா?”

லாத்தா கேட்டுக்கொண்டிருந்தார். என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். “தூக்கு,” என்றார்.


பதிவு – தேதி தெரியவில்லை. குடியிருப்பு.

ஆண் குழந்தை. இரண்டு கிலோ சொச்சம். அழுதது.

கதவைத் திறந்தபோது கோகிலா சுவரில் சாய்ந்து நின்றாள். கையில் உதிரிக்கு வைத்திருந்த இன்னொரு ஆணித் துப்பாக்கி. நான் லாத்தாவை முதுகில் சுமந்துகொண்டு, கையில் கட்டிய வில்லோடு. யாரும் எதையும் கீழே வைக்கவில்லை. லாத்தாதான் கத்தினார். “ரெண்டு பேரும் அப்புறமா கொன்னுக்குங்க. இப்ப வெந்நீ வைங்கடி.”

அழுகிய காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே லாத்தா பிரசவம் பார்த்தார். கோகிலா துப்பாக்கியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். நான் முடிச்சை அறுத்து வில்லைக் கழற்றி, புண்ணில் துணி சுற்றிக்கொண்டு காலடியில் நின்றேன். குழந்தையின் தலை வந்தபோது கோகிலா என் கட்டுப்போட்ட கையைத்தான் பிடித்துக்கொண்டாள். புண் திறந்துவிட்டது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

தொப்புள்கொடியைக் கட்ட மிச்சமிருந்த மருள் நாரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன்.


பதிவு – இரண்டு நாள் கழித்து

ஹபீபா லாத்தா இறந்துவிட்டார். காலை எடுத்திருக்க வேண்டும். எடுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எப்படி அறுப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், பாதியில் காய்ச்சல் பேச்சாகிவிட்டது. கடைசியில் கீழக்கரைக் கடற்கரையில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கோகிலாவும் நானும் சேர்ந்து குளிப்பாட்டினோம். எந்தத் திசை மக்கா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. பூமி இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தேன்.

தலைவரையும், லாத்தாவையும், அவனையும் பனங்கன்றுகளுக்குப் பக்கத்தில் புதைத்தேன். கோகிலா கதவோரம் வரை வந்தாள். அவன் முகத்தைத் திறந்து பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள்.


பதிவு – புயல் குறைகிறது

ஆலை மூன்று பேருக்குக் காற்றுக் கொடுக்கிறது. நாங்கள் மூன்று பேர்தான்.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பால் குடிக்கிறான். கோகிலா தூங்கும் நேரம் நான் வைத்துக்கொள்கிறேன். என் கை நாற்றம் அவனுக்குப் பிடித்திருக்கிறது போல, விரலை விடமாட்டான்.

இரண்டு பேரும் ஆயுதத்தோடுதான் நடமாடுகிறோம். கை ஆறிவிட்டது, வில்லைக் கட்டிக்கொள்வதில்லை, ஆனால் விட்டுப் பிரிவதும் இல்லை. தூங்கும்போது நாணை இறக்குகிறேன், இறக்காவிட்டால் மரம் சோர்ந்து வளைந்தபடியே நின்றுவிடும். எழுந்ததும் ஏற்றுகிறேன். கோகிலா பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள், “எந்தக் காலால மிதிச்சுப் புடிக்கோணுங்க?” என்று கேட்டாள். காட்டினேன்.

குழந்தையைக் கை மாற்றும்போது மட்டும் இருவரும் ஆயுதத்தைக் கீழே வைக்கிறோம். நாங்கள் பேசி வைத்துக்கொண்டது இல்லை, அப்படி ஆகிவிட்டது. அவள் வைப்பாள், நான் வைப்பேன், பிறகு குழந்தை. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்ப்பேன். கோபம் தெரிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். ஒன்றும் தெரிவதில்லை.

என் தங்கச்சியாக இருந்தால் இவளுக்கு என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிக்கிறேன். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அவன் என் நெற்றிக்கு நேரே வைத்தான். ஆனாலும் குழந்தை சிரிக்கும்போது இவளைப் பார்க்க முடியவில்லை.


பதிவு – காலை

வெளிச்சம் வந்துவிட்டது. கூரையில் சூரியன் வட்டமாகத் தெரிகிறது. கப்பலிலிருந்து முதல் செய்தி: “நிலையம், கேட்கிறதா? பதினோரு நாளில் வந்துவிடுவோம். எத்தனை பேர் இருக்கிறீர்கள்?” பதில் அனுப்பப் போய்க்கொண்டிருந்தேன்.

கோகிலா நடைவழியில் நிற்கிறாள். குழந்தையை நீட்டுகிறாள். துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் அது, மறு கையில் குழந்தை.

காத்திருக்கிறேன். அவள் வைக்கவில்லை. குழந்தை நழுவுகிறான். வாங்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

வில்லையும் அம்பையும் கீழே வைக்கிறேன்.

வாங்கிவிட்டேன். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். சூடாக இருக்கிறான்.

“இதுல ஆணியே இல்லீங்க்கா. ஒருநாளும் இருந்ததில்லீங்க. எல்லாத்தையும் அவரு எடுத்துட்டுப் போயிட்டாரு.”

துப்பாக்கியைத் தூர எறிந்துவிட்டாள். சிரிக்கிறேன், அழுகிறேன். கோகிலா, இத்தனை நாளா வெறுங்கையோடயா இருந்த?

“ஆமாங்க.”

குனிகிறாள். வில்லை எடுக்கிறாள். அம்பையும். நாணை விரலால் தட்டிப் பார்க்கிறாள்.

“அவரு எத்தன தூரத்துல இருந்தாருங்க?”

கோகிலா.

“சொல்லுங்க்கா. எத்தன தூரம்?”

பதினஞ்சு அடி.

பின்னால் நடக்கிறாள். கண்ணை எடுக்காமல். நாணில் அம்பைப் பொருத்துகிறாள். காலை அகட்டி நிற்கிறாள், நான் நிற்பதுபோலவே. கதவு அவளுக்குப் பின்னால். குழந்தையைக் கீழே வைக்க இடமில்லை. கோகிலா, கப்பல் வருது. பிள்ளைய யாரு—

“பையன நெஞ்சுக்கு நேரா புடிக்காதீங்க்கா. கொஞ்சம் தள்ளிப் புடிங்க.”